காரணம் எழுதாத திருத்தம்

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பிக்கிறேன். கோப்பில் செய்யும் மாற்றங்களைப் பதிப்பு பதிப்பாகச் சேர்த்துவைக்கும் மென்பொருளான கிட் வழியாகவே இந்தப் பருவத்தில் மாணவர்களின் செய்திகளை எழுதி வாங்க நினைக்கிறேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் பழக்குவதா, கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கமே போதுமா? மாணவர்கள் போடும் கமிட், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்யும் ஒவ்வொரு முறை, அந்த எண்ணிக்கைக்கு மதிப்பெண் தரலாமா?

ம.

அன்புள்ள ம.,

டெர்மினலா இணையப் பக்கமா என்பதில் ஒன்றுமில்லை. கைக்கு எது வருகிறதோ அது. ஆனால் எண்ணிக்கைக்கு மதிப்பெண்ணா? காற்புள்ளிக்கு ஒரு கமிட் போட்டுக் குவிப்பார்கள். குற்றம் அவர்களுடையதல்ல, கேட்டவர் நீங்கள்.

கமிட்டோடு எழுதும் குறிப்புக்கு மதிப்பெண் கொடுங்கள். "ஐந்து பேர் காயம்" என்பதை "மூன்று பேர்" என்று மாற்றிவிட்டு, குறிப்பில் "திருத்தம்" என்று மட்டும் எழுதும் மாணவிக்குப் பூஜ்யம். "மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்தேன், முதலில் சொன்னவர் இருவரை இரண்டுமுறை எண்ணிவிட்டார்" என்று எழுதினால் முழு மதிப்பெண்.

நான் சேர்ந்த நாளிதழில் ஒரு மூத்த உதவியாசிரியர் இருந்தார். என் பிரதியில் ஒரு வரியை அடித்தால் ஓரத்தில் காரணம் எழுதாமல் விடமாட்டார். "யார் சொன்னது?" "எதிர்த்தரப்பைக் கேட்டாயா?" நான் கற்ற இதழியல் அந்த ஓரங்களில்தான் இருந்தது. பக்கம் அச்சுக்குப் போனதும் தாள்கள் குப்பைக்குப் போய்விடும். இன்று திரையில் திருத்துகிறோம், ஓரமே இல்லை. வெளியான செய்தியில் ஒரு பெயர் சத்தமில்லாமல் மறைகிறது. நியூயார்க் டைம்ஸ் போன்ற நாளிதழ்களின் இணையச் செய்திகள் வெளியான பின் எப்படி மாறின என்பதை 2012இல் நியூஸ்டிஃப்ஸ் தளம் காட்டத் தொடங்கியது. என்ன மாறியது என்று தெரிந்தது. ஏன் என்பதை மாற்றியவர்தானே எழுத வேண்டும்? நிரலாளர்கள் அந்த ஓரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 2005இல் லினக்ஸ் இயங்குதள நிரலாளர்களுக்காக உருவான கிட், குறிப்பு காலியாக இருந்தால் வழக்கமாகக் கமிட்டையே ஏற்காது. இதழியல் மாணவனுக்கு இதைவிட நல்ல கண்டிப்பு எங்கே கிடைக்கும்?

வேர்டு கோப்பு வேண்டாம், வெறும் உரைக்கோப்பு போதும். வரிக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். கிட் வரிவரியாகத்தான் ஒப்பிடும், பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால் ஒரு சொல் மாறினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாததுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரின் பெயரை ஒரு மாணவன் கமிட் செய்துவிட்டு, மறுநாள் அழிக்கிறான். கோப்பில் இருக்காது, பழைய பதிப்பில் அப்படியே இருக்கும். கிட் சேர்த்துவைத்த பதிப்புகளின் வரலாற்றைத் திருத்தி எழுதினாலும், அதற்குள் பிறர் எடுத்துவிட்ட நகலை என்ன செய்வீர்கள்? முதல் வகுப்பில் இதைச் சொல்லுங்கள். கமிட் செய்வது எப்படி என்பது இரண்டாம் வகுப்பில் வரட்டும்.