“ஆம்பிளைப் பிள்ளை மாதிரி”

கேள்வி: எனக்கு வயது 26. யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்கு அருகில் வசிக்கிறேன். மோட்டார் சைக்கிள் திருத்தும் தொழிலைப் பயின்று, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் பெற்று, மூன்று வருடங்களாக ஒரு கராஜில் வேலை செய்கிறேன். அப்பா என் பெயருக்கு எழுதித் தந்த இரண்டு பரப்புக் காணியில் சொந்தமாகக் கராஜ் தொடங்குவதே என் விருப்பம். கையில் கிறீஸ் படிந்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அம்மா கலங்குகிறார். கராஜுக்கு வருபவர்களோ, “ஆம்பிளைப் பிள்ளை மாதிரி வேலை செய்யிறாய்” என்று பாராட்டுகிறார்கள். எனக்குச் சேலை உடுக்கவும் பூ வைக்கவும் மிகவும் பிடிக்கும். கோயில் திருவிழாவுக்கு அப்படிப் போனால், “உனக்கேன் இந்த வேஷம்?” என்று சிநேகிதிகளே கேட்கிறார்கள். நான் எப்படித்தான் இருக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள தங்கைக்கு, உங்கள் அம்மாவின் கலக்கத்தைவிட அந்தப் பாராட்டுத்தான் என்னை அதிகம் உறுத்தியது. எஞ்சினின் ஓசையைக் கேட்டே பிழை எங்கே என்று அறிந்துகொள்ளும் ஒருத்தியிடம் “ஆம்பிளைப் பிள்ளை மாதிரி” என்று சொல்லும்போது, அந்தத் திறமை அவளுடையதன்று, ஆண்களிடம் இரவல் வாங்கியது என்று சொன்னதாகவே முடிகிறது. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் அடுத்த முறை எவராவது அப்படிச் சொன்னால், “இது மூன்று வருடம் பழகிய கை” என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். சிநேகிதிகளின் கேள்வியும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. வேலை ஆணுக்குரியது என்று அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதால், அந்த வேலையைச் செய்யும் பெண் பூ வைப்பது அவர்களுக்கு வேஷமாகத் தெரிகிறது. உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் நீங்கள் காட்ட வேண்டியதில்லை.

போரின்போது யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் வராமல் தடுக்கப்பட்ட 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை இங்கே வாழ்ந்த எங்கள் தலைமுறை மறக்கவில்லை. பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிய அந்நாட்களில், பாடசாலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெண்கள் சைக்கிளில்தான் போய் வந்தோம். சங்கிலி கழன்றால் நாங்களே மாட்டினோம், ரியூப்புக்கு நாங்களே ஒட்டுப் போட்டோம். அது ஆம்பிளை வேலை என்று அப்போது எவரும் எங்களைத் தடுத்ததாக எனக்கு நினைவில்லை, ஏனென்றால் செய்வதற்கு வேறு ஆளில்லை. தேவை நெருக்கும்போது பெண்ணுக்கு விடப்படுகிற வேலை, அதில் வருமானமும் பெயரும் வரத் தொடங்கியதும் ஆணுக்குரியதாகிவிடுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். போரில் கணவனை இழந்து வீட்டின் முழுப் பாரத்தையும் சுமந்த எத்தனையோ பெண்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

அம்மாவுடன் வாதாட வேண்டாம். அவர் பயப்படுவது ஊர்வாய்க்கு. உடுவிலில் 1824 இல் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டபோது, எழுத்துப் படிப்பதே பெண்ணுக்குப் பொருந்தாது என்றுதான் இந்த ஊர் எண்ணியது. இன்று படிக்காத பெண்ணுக்கு வரன் தேடுவதுதான் கஷ்டம் என்பதை அவருக்கு நினைவூட்டலாம். கிறீஸைக் கண்டு விலகிப் போகிற மாப்பிள்ளை கலியாணத்துக்கு முன்னரே விலகுவது உங்களுக்கு நன்மை.

காணி விடயத்தைத்தான் நீங்கள் அவசரமாகக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்னும் மரபுவழிச் சட்டம் பொருந்துவதால், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணமான பெண்ணின் காணி அவளுக்கே சொந்தமானது. கணவனின் கடனுக்கும் அது பொதுவாகப் பொறுப்பாகாது. ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தன் பெயரில் காணி உறுதிப் பத்திரம் இருந்தும் இன்னொருவரின் கையொப்பத்துக்காகப் பெண் காத்திருக்க வேண்டிய இந்த விதி மாற வேண்டும் என்பதே என் கருத்து. கணவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்று சட்டம் வழி வைத்திருந்தாலும், கடை தொடங்க நினைக்கும் ஒருத்திக்கு அது நீண்ட வழி.

இப்போது நீங்கள் திருமணமாகாதவர். வங்கிக் கடனுக்காக அந்தக் காணியை ஈடு வைப்பதானால் உங்கள் கையொப்பமே போதும். ஆகவே உறுதியை எடுத்துக்கொண்டு முதலில் காணிப் பத்திரங்கள் எழுதும் ஒரு நொத்தாரிசிடமும் பின்னர் வங்கியிடமும் போங்கள். மூன்று வருடச் சம்பளத்தில் சேமித்தது எவ்வளவு, கருவிகளுக்குத் தேவைப்படுவது எவ்வளவு என்று கணக்கிட்டு, கூடியவரை சிறிய கடனாகவே கேளுங்கள். நொத்தாரிசிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.