ஷோபானின் குறிகளும் ஃபொன்டானாவின் குறிகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பியானோ இசையமைப்பாளர் ஷோபானின் ஏ-ஃபிளாட் வால்ட்ஸ் (ஓபஸ் 69, எண் 1) என்ற நடன இசைப் பாடலைப் பழகுகிறேன். என் புத்தகத்தில் அதற்கு இரண்டு வடிவங்கள். ஒன்றில் டைனமிக்ஸ் குறிகள் (எங்கே மெல்ல, எங்கே உரக்க என்று காட்டுபவை) நிறைய, மற்றதில் ரொம்பக் குறைவு. இரண்டிலும் நல்லதாகப் பார்த்து எடுத்துச் சேர்த்து வாசிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் குறிகளை யார் போட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஷோபான் இந்த வால்ட்ஸை அச்சுக்குக் கொடுக்கவே இல்லை. 1835-இல் மரியா வோஜின்ஸ்காவுக்கு, பிறகு எலிஸா பெருட்சிக்கு, 1842-இல் ஷார்லட் ரோத்ஷீல்டுக்கு என்று கைப்பட எழுதிப் பரிசாகத் தந்தார். அவர் 1849-இல் இறந்தார். நண்பர் ஜூலியன் ஃபொன்டானா 1855-இல் இதை அச்சிட்டார். குறிகள் நிறைந்த வடிவம் அவருடையது. ஷோபான் வாசித்து அவர் நேரில் கேட்டவர்தான், அதனால் அவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் அதில் எது ஷோபானின் விருப்பம், எது ஃபொன்டானாவின் காது என்று பிரிக்க வழியில்லை.

ஷோபானே மனம் மாறிய இடங்கள் வேறு வகை. சி மைனர் பிரெலூட் (ஓபஸ் 28, எண் 20) என்ற அவருடைய சிறு பியானோ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு பார் (தாளப் பகுதி) ஃபோர்ட்டிஸிமோ, அதாவது மிக உரக்க, அடுத்த நான்கு மெல்ல, அதே நான்கும் திரும்ப வரும்போது இன்னும் மெல்ல, அதாவது பியானிஸிமோ. அந்தத் திரும்பலைப் பிற்பாடுதான் சேர்த்தார். அடிக்கடி சரியாகவே சொல்லும் ஒருவருக்காகச் செய்த சிறு சலுகை என்று கையெழுத்துப் பிரதியிலேயே குறித்தும் வைத்தார். அந்த பியானிஸிமோவை நான் தயங்காமல் வாசிப்பேன்.

உங்கள் வால்ட்ஸுக்குக் குறிகள் குறைந்த கையெழுத்து வடிவத்தையே எடுங்கள். குறி இல்லாத இடம் ஒரே மட்டத்தில் வாசிக்கச் சொல்லும் இடமல்ல. அரைச்சுரங்களாக இறங்கும் அந்த மெட்டு எத்தனை முறை திரும்பி வருகிறது, பாருங்கள்! ஒரே பாடலை ஷோபான் இரண்டு முறை ஒரே மாதிரி வாசித்ததில்லை என்று கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நிறம் யோசியுங்கள். ஒன்றை மெல்லத் தொடங்குங்கள், இன்னொன்றில் இடது கையைக் கொஞ்சம் முன்னால் விடுங்கள். அப்புறம் ஃபொன்டானாவின் பக்கத்தைத் திறந்து, அவர் எங்கே உங்களோடு ஒத்துப்போகிறார், எங்கே விலகுகிறார் என்று பாருங்கள். விலகும் இடங்களை எனக்கு எழுதுங்கள், பேசுவோம்.