பிணமே சாட்சி சொல்லும் ஊரில் துப்பறிவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி, பகடை உருட்டும் கூட்டத்திடமிருந்து. மற்றவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன விளையாட்டு என்று கேட்பவர்களுக்கு: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், கேம் மாஸ்டர் என்ற ஒருவர் மட்டும் ஊரையும் ஊரில் உள்ள மற்ற எல்லாரையும் தலையில் வைத்துக்கொண்டு கதையை நடத்துவார், நடக்குமா நடக்காதா என்று இழுபறியான இடத்தில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கிவைத்த பழக்கம் இது. சரி, கேள்விக்குப் போகலாம்.

அண்ணா, துறைமுக ஊர் ஒன்றில், கூலியாட்கள் வந்து இறங்கிப் பதிவாகும் டிப்போவின் எழுத்தர் கொலை என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு மர்மக் கதை தயார் செய்தேன். பூசாரியாக விளையாடும் நண்பன் முதல் காட்சியிலேயே பிணத்தோடு பேசும் மந்திரத்தைப் போட்டு, "உன்னைக் கொன்றது யார்?" என்று கேட்டுவிட்டான். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த மந்திரத்தைத் தடை செய்துவிடட்டுமா?
கல்லூரி மாணவர், ரோஸ் ஹில்

வேண்டாம் தம்பி. அந்த நண்பன் ஆசை ஆசையாக எடுத்துவைத்த மந்திரம் அது, அதற்கு வேலை வரும் நாளில் பிடுங்கிக்கொண்டால் அடுத்த வாரம் அவன் வரவே மாட்டான். இங்கே கோளாறு மந்திரத்தில் இல்லை, உங்கள் கொலைகாரன் அடிமுட்டாள், அவ்வளவுதான். போலீஸ் கைரேகை எடுக்கும் என்று தெரிந்த திருடன் கையுறை போட்டுக்கொண்டு வருகிறான். பிணம் பேசும் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஊரில் உங்கள் ஆள் மட்டும் நேருக்கு நேர் முகத்தைக் காட்டிக் குத்திவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறான்!

விதியை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் அந்த மந்திரத்துக்கு ஐந்து கேள்விதான், பத்து நிமிடம்தான். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். மந்திரம் போடுபவர் தன் எதிரி என்று பட்டால் அது உண்மை பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது இன்னொன்று: கடந்த பத்து நாளுக்குள் வேறு யாராவது அதே பிணத்திடம் இந்த மந்திரத்தைப் போட்டிருந்தால், இரண்டாம் முறை பலிக்காது.

இந்தக் கடைசி விதி ஒன்றே போதும், உங்கள் கதையைத் திரும்ப எழுதிவிடலாம். கொன்றது ஒரு சிர்தார், அதாவது தோட்டக் கூலிகளை மேய்க்கும் கங்காணி என்று வையுங்கள். செத்துப்போன தோட்டத் தொழிலாளிகளின் எண்களைப் பதிவேட்டில் உயிரோடு வைத்திருந்து, அவர்கள் பெயரில் கூலியும் அரிசியும் வாங்கித் தின்றுகொண்டிருக்கிறான். எழுத்தர் கண்டுபிடித்துவிட்டார். டிப்போ வாசல் கல்படியில் இருட்டில் பின்னாலிருந்து தள்ளிவிட்டான், யார் தள்ளியது என்று எழுத்தருக்கே தெரியாது. இவன் அதோடு நிற்கவில்லை. அழுதுகொண்டே கோயில் பூசாரியிடம் ஓடி, "சாமி, என் சிநேகிதனோடு கடைசியாக நாலு வார்த்தை பேச வேண்டும்" என்று கெஞ்சி, ஐந்து கேள்வியையும் அன்று இரவே செலவழித்துவிட்டான்.

மறுநாள் உங்கள் நண்பன் மந்திரம் போடுகிறான். பலிக்கவில்லை. இங்கே கதை நிற்காது, இங்கேதான் சூடு பிடிக்கும். ஏனென்றால் மந்திரம் தோற்றதே ஒரு துப்பு: யாரோ முந்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த மந்திரத்துக்குத் தூபம் எரிய வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது, ஆகவே எழுத்தரின் சட்டையில் சாம்பிராணி வாசனை அடிக்கும், பிணத்தின் தலைமாட்டில் ஒரு சிட்டிகைச் சாம்பல் கிடக்கும். இந்த ஊரில் இவ்வளவு பெரிய மந்திரம் போடத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஒருவரோ இருவரோ. பூசாரியைப் பிடித்தால், கேட்ட கேள்விகளை அவர் ஒப்பிப்பார்: நாலு கேள்வி சும்மா கண்ணீரும் கம்பலையும், ஐந்தாவது, "பழைய பதிவேட்டை எங்கே வைத்தாய்?" பூசாரிக்கு அது பெரிதாகப் படவில்லை. உங்கள் மேசையில் உள்ளவர்களுக்குப் படும்.

உண்மை வட்டம் என்ற மந்திரத்தையும் இப்படியே சமாளிக்கலாம். அதற்குள் நிற்பவர் பகடையில் தப்பாவிட்டால் அறிந்தே பொய் சொல்ல முடியாது, ஆனால் வாயை மூடிக்கொள்ளலாம், சுற்றி வளைத்துப் பேசலாம். "அன்று ராத்திரி நான் டிப்போவுக்குள் காலடி வைக்கவே இல்லை" என்று சிர்தார் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம், அது உண்மைதானே, கொலை நடந்தது வெளிப்படியில். சந்தேகப்படும் ஒவ்வொருவருக்கும் இப்படி உண்மையான, ஆனால் ஆளை ஏமாற்றும் ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசித்தால் வராது. பொருளைத் தேடிக் காட்டும் மந்திரம் ஆயிரம் அடி வரை எட்டும், ஆனால் மெல்லிய ஈயத் தகடு குறுக்கே வந்தாலும் நின்றுவிடும். ஆக சிர்தார் பதிவேட்டை ஈயத்தில் சுற்றிப் புதைப்பான், துறைமுகத் தச்சரிடம் ஒரு தகடு குறையும்.

அதனால் முதலில் குற்றவாளி பக்கத்திலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள்: அவனுக்கு என்ன வேண்டும், அந்த இரவில் என்ன செய்தான், எந்த மந்திரத்துக்குப் பயந்தான், அதிலிருந்து தப்பச் செய்த காரியம் என்ன அடையாளத்தை விட்டுப் போனது. துப்புகளைத் தனியாக உட்கார்ந்து தேட வேண்டியிருக்காது.

துப்பைக் கச்சிதமாக மேசை இழுப்பறைக்குள் வைக்கிறேன். தேடும்போது பகடையில் 3 விழுகிறது. எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?
வாக்வா வாசகி

கொடுத்துவிடுங்கள், வேறென்ன! இழுப்பறையைத் திறந்து பார்த்தவருக்குக் கடிதம் கிடைக்க வேண்டியதுதான், அதற்கு எதற்குப் பகடை? ராபின் லாஸ் உருவாக்கிய 'கம்ஷூ' விதிமுறையே இதற்காக வந்ததுதான்: சரியான இடத்தில், சரியான திறமை உள்ளவர் தேடினால் முக்கியத் துப்பு கையில் வந்துவிடும். பகடை வேண்டுமென்றால் வேறு விஷயத்துக்கு வையுங்கள், எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது, தேடும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டதா, இப்படி.

ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008இல் எழுதிய 'மூன்று துப்பு விதி'யும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் எந்த முடிவுக்கு வர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அந்த ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வைக்கச் சொல்கிறார். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். என்னைக் கேட்டால் மூன்றும் மூன்று வகையாக இருப்பது நல்லது: ஒன்று ஆள் வாயிலிருந்து, ஒன்று பொருள், ஒன்று ஏதாவது இடத்தின் நிலவரம். மூன்றையும் கடிதமாகவே வைத்துவிட்டு, ஆட்டக்காரர்கள் யாரும் அறையைத் தேடாமல் ஆட்களை மட்டுமே விசாரித்தால் மூன்றும் போச்சு.

ஒரே துப்பில் தொங்கும் கதை எப்படி இழுக்கும் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். கடற்கொள்ளைக்காரன் லா பூஸை 1730இல் நம் மொரிஷியஸுக்குப் பக்கத்து ரியூனியன் தீவில், சேன் போலில் தூக்கிலிட்டார்கள். தூக்குமேடையில் நின்று புதையலுக்கான ரகசியக் குறிப்பைக் கூட்டத்தில் வீசினான் என்பது ஊர்க்கதை. அவனுடையது என்று சொல்லப்படும் ஒரு சங்கேதக் குறிப்பு 1934இல் அச்சில் வந்தது, அதை வைத்து சேஷெல்ஸில் ஒரு குடும்பத்தில் அப்பா தோண்டி, பிறகு மகனும் தோண்டி, புதையல் இன்னும் வரவில்லை. குறிப்பு அவனுடையதுதானா என்பதிலேயே சண்டை. வரலாற்றுக்கு அது அழகுதான், சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்களுக்கு ஆகாது. சங்கேதப் புதிர் வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை, அதை அவிழ்க்காமலே அதே இடத்துக்குப் போக இன்னும் இரண்டு வழி இருக்கட்டும்.

திசைதிருப்பப் பொய்த் துப்பு எத்தனை வைக்கலாம்?
ட்ரியோலே வாசகர்

ஒன்றுகூட வேண்டாம். நீங்கள் சும்மா அழகுக்காக ஒரு தால் பூரிக் கடைக்காரருக்கு நொண்டிக் கால் வைத்தால் போதும், அவரைப் பின்தொடர்ந்து, வீட்டுக்குள் புகுந்து, மாமியாரை விசாரித்து முடிக்க மூன்று மணி நேரம் ஆக்குவார்கள். அப்படி ஆகும்போது கடைக்காரருக்கும் ஏதோ ஒரு சின்ன ரகசியம் இருக்கட்டும், கள்ளச் சாராயமோ, கடனோ. அது வெளியே வந்ததும், "ஐயா, நான் இல்லை, ஆனால் அந்த ராத்திரி சிர்தார் படிப்பக்கம் போனதைப் பார்த்தேன்" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து வண்டியைத் தடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய அப்ரவாசி காட் மாதிரி ஒரு இடத்தை மந்திர உலகத்துக்குள் கொண்டு போனேன். பாட்டிக்குத் தெரிந்து, "நம்ம ஆளுங்க வந்து இறங்கிய இடம் உனக்கு விளையாட்டாப் போச்சா?" என்று கோபித்துக்கொண்டார். தப்பா?
குட்லண்ட்ஸ் வாசகர்

பாட்டியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் உங்கள் பக்கம். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு வந்தார்கள், ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள், பின்னாளில் புகைப்படமும் எடுத்து வைத்தார்கள். ஒரு எண், ஒரு முகம், ஒரு கப்பல் பெயர். துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல மூலப்பொருளை எந்த ஊர் கோட்டையும் தராது, நாம் மட்டும் ஏன் எப்போதும் பனி பெய்யும் மலையில் யாரோ ஒரு பிரபுவின் மோதிரத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்? மேலே ரோஸ் ஹில் தம்பிக்குச் சொன்ன சிர்தார் கதையும் இங்கிருந்துதான் எடுத்தேன்.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். நிஜமான எண், நிஜமான கப்பல், நிஜமான குடும்பப் பெயர் எதையும் தொடாதீர்கள், மேசையில் உட்கார்ந்திருப்பவரின் கொள்ளுத்தாத்தாவாக இருக்கலாம். அப்புறம், கூலிக்கு வந்தவர்களை மூலையில் அழுதுகொண்டு நிற்கும் கூட்டமாக மட்டும் வைக்காதீர்கள். பதிவேட்டில் செத்தவன் எண் உயிரோடிருப்பதை முதலில் கவனித்தது ஒரு தொழிலாளிப் பெண்ணாக இருக்கட்டும், எழுத்தரிடம் சொன்னதும் அவள்தான், இப்போது ஒளிந்திருப்பதும் அவள்தான்.

பாட்டியை ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தப் பெண்ணின் பாத்திரத்தைக் கொடுத்துப் பாருங்கள். பகடையை நீங்களே உருட்டிக்கொடுங்கள், விதியெல்லாம் அவருக்கு வேண்டாம்.