கடல் மாசு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கடல் மாசு என்றாலே எண்ணெய்க் கப்பல் விபத்துகளைத்தான் காட்டுகிறார்கள். கடலை அதிகம் கெடுப்பவை கப்பல்கள்தாமா? கரையிலிருந்து வெகுதொலைவில் வசிப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டா?

பதில்: எண்ணெய்க் கசிவு கண்ணுக்குத் தெரிவதால் செய்தியாகிறது. ஆனால் கடலில் சேரும் மாசில் ஏறத்தாழ 80 விழுக்காடு நிலத்திலிருந்தே ஆறுகள், சாக்கடைகள், மழைநீர் வழியாகப் போய்ச் சேர்வதாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிடுகின்றன. ஆகவே கடலையே பார்த்திராதவருக்கும் இதில் பங்கு உண்டு.

பயிர் எடுத்துக்கொண்டது போக வயலில் எஞ்சும் உரத்தின் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மழைநீரோடு ஆற்றில் இறங்கி, முகத்துவாரத்தை அடைந்ததும் அங்குள்ள நுண்பாசிகளுக்கு உரமாகின்றன. அளவுக்கு மீறிப் பெருகிய பாசிகள் மடிந்து அடியில் படியும்போது, அவற்றை மக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. ஆற்றிலிருந்து வந்த அடர்த்தி குறைந்த நன்னீரோ மேலே மூடிபோல் பரவி நின்று, புதிய ஆக்சிஜன் கீழே இறங்காதபடி தடுக்கிறது. மீன்கள் விலகிப் போய்விடுகின்றன. இடம்பெயர முடியாத சிப்பிகளும் புழுக்களும் மூச்சுத்திணறி மடிகின்றன. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் இத்தகைய ‘இறந்த மண்டலம்’ உருவாகிறது. 2017-இல் அதன் பரப்பு ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர். இவ்வளவு நடந்தும் மேலிருந்து பார்ப்பவருக்குக் கடல் வழக்கம்போலவே தோன்றக்கூடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

ஆலைக் கழிவின் போக்கு வேறு. ஜப்பானின் மினமாட்டாவில் ரசாயன ஆலையொன்று வெளியேற்றிய மீதைல் பாதரசம், மீன்கள் வழியாக மக்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. நோய் 1956-இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டும், அக்கழிவு நின்றது 1968-இல்தான்.

கேள்வி: பிளாஸ்டிக்கைக் கடலிலிருந்து அள்ளிவிட்டால் போதாதா?

பதில்: கரை ஒதுங்கிய பைகளையும் கைவிடப்பட்ட மீன்வலைகளையும் அள்ளலாம், அள்ளவும் வேண்டும். ஆனால் வெயிலிலும் அலையிலும் நொறுங்கி 5 மில்லிமீட்டருக்கும் சிறிதாகிவிட்ட துகள்களை வலையிட்டு வடித்தால், அதே அளவுள்ள மிதவையுயிரிகளும் (நீரில் மிதந்து வாழும் சிற்றுயிர்கள்) கூடவே வந்துவிடும். செயற்கை இழைத் துணிகளைத் துவைத்த நீரும், தேய்ந்த டயர்களின் துகளும் இக்குவியலைத் தொடர்ந்து பெருக்குகின்றன. எனவே, மண்ணைப் பரிசோதித்து அளவோடு உரமிடுவது, வயலுக்கும் வாய்க்காலுக்கும் இடையே புல்வெளி விடுவது, கழிவுநீரைச் சுத்திகரித்தபின் ஆற்றில் விடுவது எனத் தடுப்பு நிலத்திலேயே தொடங்கியாக வேண்டும்.

கப்பல்கள் விஷயத்தில் சட்டம் ஓரளவு பலித்திருக்கிறது. கப்பல்களிலிருந்து பிளாஸ்டிக் கொட்டுவதை, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுப்பதற்கான ‘மார்போல்’ பன்னாட்டு உடன்படிக்கை 1988 முதல் அடியோடு தடைசெய்கிறது. பெரிய எண்ணெய்க் கசிவுகளும் 1970-களைவிட வெகுவாகக் குறைந்துள்ளன. பாதரசத்துக்கென மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. வயல்களிலிருந்து இறங்கும் உரச்சத்துக்கோ அத்தகைய உலகளாவிய கட்டுப்பாடு இன்னும் ஏற்படவில்லை.