ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலில் என்ன உலோகம்?

கேள்வி: என் 150 சிசி பைக்குக்கு ஆன்லைனில் ஆக்டேன் பூஸ்டர் வாங்க நினைக்கிறேன். '30 பாயின்ட் கூடும்' என்று போட்டிருக்கிறது. வண்டியை வீட்டு வராந்தாவில்தான் நிறுத்துகிறேன், 3 வயதுக் குழந்தை இருக்கிறது. அதில் ஈயம் இருக்குமா?

பதில்: வாங்காதீர்கள். '30 பாயின்ட்' என்றால் ஆக்டேன் (இன்ஜினில் தட்டல் வராமல் எரியும் பெட்ரோலின் திறனைக் காட்டும் எண்) 3 எண் கூடுகிறது, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் ஒரு பாயின்ட் என்பது 0.1. வண்டியின் கையேடு 91 கேட்டால் அதற்கு மேல் ஊற்றுவதால் பிக்கப்போ மைலேஜோ ஏறாது. இன்ஜின் தட்டுகிறது என்றால் பங்க்கில் கிடைக்கும் 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டுப் பாருங்கள். அப்போதும் தட்டினால் உள்ளே கரி படிந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஈயத்துக்கு வாய்ப்பு குறைவு. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-லேயே நின்றுவிட்டது. இப்போது கவனிக்க வேண்டியது மாங்கனீசு சேர்ந்த எம்.எம்.டி., இரும்பு சேர்ந்த ஃபெரோசீன் இரண்டையும்தான். சாப்பாட்டில் வரும் மாங்கனீசில் மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். புகையாக மூச்சில் போவது அந்த வழியில் போகாமல் நேரே ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. சுரங்கத்தில் மாங்கனீசுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் வந்தன. ஒரு பைக்கின் புகை அந்த அளவுக்குப் போகாது. ஆனால் தெரு முழுக்க வண்டிகள் இதையே எரித்தால், குழந்தைகள் தினமும் அதைத்தான் சுவாசிக்க வேண்டும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் மாங்கனீசு என்று வரம்பு வைத்தது. எம்.எம்.டி.யால் 3 எண் உயர்த்த அந்த வரம்பைப் பல மடங்கு தாண்ட வேண்டும்.

எந்த பாட்டில் வாங்குவதானாலும் விற்பவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாள் கேளுங்கள். அதில் சி.ஏ.எஸ். எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள அடையாள எண்) 12108-13-3 இருந்தால் எம்.எம்.டி., 102-54-5 என்றால் ஃபெரோசீன். தாள் தர மறுத்தால் விட்டுவிடுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், சாயம் சேர்த்திருப்பார்கள்.

ஏற்கெனவே ஊற்றியிருந்தால் அந்த டேங்க்கை ஓட்டித் தீர்த்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் செங்கல் நிறத்தில் படிவு இருந்தால் அது இந்த உலோகம்தான். படிவு வழியே மின்சாரம் கசிந்து இன்ஜின் திணறும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அடைபடலாம். பிளக்கில் உள்ள படிவைக் கம்பி பிரஷால் தேய்த்துத் தூசி கிளப்பாமல் பிளக்கையே மாற்றிவிடுங்கள். மீதமுள்ள பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். எம்.எம்.டி. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், கையில் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வராந்தாவில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வண்டியை நிறுத்தி வைக்கவே கூடாது. எந்தப் பெட்ரோலானாலும் கார்பன் மோனாக்சைடு வரும்.

கேள்வி: 1970-களில் வந்த பழைய பைக்குக்கு 'ஈய மாற்று' திரவம் ஊற்ற வேண்டுமா?

பதில்: நிதானமாக ஓட்டுபவருக்கு அவசியமில்லை. ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய இன்ஜின் ஹெட்டில் வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) தேயும் என்பதுதான் பயம். தொடர்ந்து வேகமாக ஓட்டும்போதுதான் அது பெரிதாகத் தேயும். டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) அவ்வப்போது அளந்து எழுதி வையுங்கள். அது மறுபடி மறுபடி குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டைப் பிரித்து கடினமான வால்வு சீட் போடச் சொல்லுங்கள்.