இன்டெல்லுக்கு விலை போடறது எப்படி?

கேள்வி: சார், எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு சிப் செய்யற இன்டெல் கம்பெனியை எடுத்திருக்கேன். டிஸ்கவுன்ட் ரேட்டையும் (வருங்காலப் பணத்தை இன்னைய மதிப்புக்குக் குறைக்கற சதவீதம்) வளர்ச்சி விகிதத்தையும் மாத்தி சென்சிடிவிட்டி டேபிள் போட்டா ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு விலை வருது, எதை நம்பறது? (மாணவி, திருச்சி)

பதில்: அம்மா, டேபிள் தப்பில்ல, மாத்தின ரெண்டு எண்ணும்தான் இந்தக் கம்பெனிக்குப் பத்தாது. அடுத்த வருஷம் 100 கோடி கேஷ் ஃப்ளோன்னு (கையில மிஞ்சற காசு) வைங்க, ரேட் 10 சதவீதம், வளர்ச்சி 3 சதவீதம் போட்டா டெர்மினல் வேல்யூ, அதாவது அதுக்கப்புறம் வரப்போற எல்லா வருஷப் பணத்தோட மொத்த மதிப்பு, 1,429 கோடி, அதையே 9, 4ன்னு மாத்துனா 2,000 கோடி. நிதானமா ஓடற கம்பெனின்னா இது போதும். இன்டெல் அப்படியா இருக்கு? 2024 ஆகஸ்ட்ல 15,000 பேரை வேலையை விட்டு அனுப்பறோம்னாங்க, டிவிடெண்டை நிறுத்தினாங்க, அந்த வருஷம் விற்பனை சுமார் 5,310 கோடி டாலர், ஆனா அடுத்தவங்களுக்கும் சிப் அடிச்சுத் தர்ற ஃபவுண்டரி பிரிவுல மட்டும் சுமார் 1,340 கோடி டாலர் நஷ்டம்! அந்த ஓட்டை எந்த வருஷம் அடையுதுங்கறதுதான் விலையே.

அதனால ஒரு பக்கம் ஃபவுண்டரி பிரேக்-ஈவன் (லாபமும் இல்ல, நஷ்டமும் இல்லங்கற நிலை) ஆகற வருஷம், 2027, 2028, 2030ன்னு போடுங்க, இன்னொரு பக்கம் அதுக்கப்புறம் நிக்கப்போற மார்ஜின் (விற்பனையில லாபத்தோட பங்கு). 10 சதவீத ரேட்ல மூணு வருஷம் தள்ளிப்போனாலே 100 ரூபா இன்னைக்கு 75 ரூபாதான், போதாததுக்கு நடுவுல மூணு வருஷ நஷ்டமும் கைக்காசுலதான் போகும். முக்கியமா, ரெண்டையும் தனித்தனியா அசைக்காதீங்க, தாமதம் ஆனா கஸ்டமரும் நழுவுவான், மார்ஜினும் சேர்ந்தே இறங்கும், அதனால லேட்டு ஆனாலும் மார்ஜின் பிரமாதம்னு சொல்ற அந்த மூலைக்கட்டத்தை நான் நம்பவே மாட்டேன்.

ரீஸ்ட்ரக்சரிங் செலவை (ஆளைக் குறைச்சு கம்பெனியை மாத்தியமைக்கற செலவு) "ஒருதடவை செலவுதானே"ன்னு பலபேர் லாபத்துல மொத்தமா திருப்பிக் கூட்டிடறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. 2024 மூணாவது காலாண்டு நஷ்டம் 1,660 கோடி டாலர், அதுல பெரும்பங்கு இம்பேர்மென்ட், அதாவது சொத்து மதிப்பைக் கணக்குல குறைச்சுக் காட்டறது, அது காசா வெளிய போகல, சரி. ஆனா வேலையை விட்டுப் போறவங்களுக்குக் குடுக்கற செட்டில்மென்ட் நிஜக் காசு, அதைக் கழிச்சே ஆகணும்.

கடைசில ஷேர் எண்ணிக்கையைப் பாத்துக்கோங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்க அரசாங்கம் ஷேர் 20.47 டாலர்னு சுமார் 43 கோடி ஷேர் வாங்க ஒப்பந்தம் போட்டுச்சு, சாஃப்ட்பேங்க்கும் என்விடியாவும் அதே வருஷம் பணம் போடறதா சொன்னாங்க. இதனால ஷேர் எண்ணிக்கை கூடுது, 2024 அறிக்கையில இருக்கற பழைய எண்ணிக்கையால வகுத்தீங்கன்னா டேபிள்ல ஒவ்வொரு கட்டமும் அதிகமாத்தான் காட்டும்.