கீர்த்தனைப் புத்தகம்: கேள்வியும் பதிலும்

இம்மாதக் கேள்விகள் மதுரை, திண்டுக்கல் வட்டாரத்துச் சபைகளிலிருந்து வந்தவை. பாட்டு எழுதியவர்களைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைப் பாடும்போது எங்கே இடறுகிறது என்று வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள்.

*கீர்த்தனைப் புத்தகம் மதுரையில்தான் தொடங்கியது என்கிறார் எங்கள் சபை மூப்பர். தஞ்சாவூர் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம்?*
— வாசகர், பசுமலை

இரண்டும் சரி. பாட்டு பிறந்தது தஞ்சாவூரில். அதைப் பொது வழிபாட்டுக்கான புத்தகமாக்கியவர் மதுரை மிஷனைச் சேர்ந்தவர்.

அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் இங்கே வந்தது. அதன் செமினரி திருமங்கலத்தில் தொடங்கி, 1845இல் உங்கள் பசுமலைக்கு மாறியது. அந்த மிஷனின் எட்வர்ட் வெப் ஐயர் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். அதற்கு முன் சபைகளில் பெரும்பாலும் ஒலித்தவை ஐரோப்பிய மெட்டுக்கு மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள். சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்த ஃபப்ரிஷியஸ் ஐயர் (1711–1791) ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்த்தவை அவற்றில் முக்கியமானவை. தமிழ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெட்டு கிராமத்துச் சபையாரின் நாவில் ஒட்டவில்லை. வெப் தேடிப்போனது தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுகளை. தொகுப்பில் பெரும்பங்கு அவருடையதே. அப்போது சாஸ்திரியாருக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

சாஸ்திரியார் 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர்தான். 1800இல் சாஸ்திரியார் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’யைக் கட்டாயம் வாசியுங்கள். குற்றாலத்துக் குறவஞ்சியின் அமைப்பு அப்படியே இருக்கும். தலைவி தேவமோகினி என்பவள் திருச்சபை, தலைவன் பெத்லகேம் நாதர். குறத்தி வருவாள், மலைவளம் சொல்வாள், குறி சொல்வாள். கேட்பவர்களுக்கு நெடுநாள் பழகிய வடிவத்தில் புதிய செய்தியை வைத்தார். அவர் பாட்டு இருநூறு ஆண்டு கடந்தும் நிற்பதற்கு இதையே முதல் காரணமாகச் சொல்வோம்.

*வேதநாயகம் பிள்ளையும் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவரா? பிள்ளைகளுக்கு நடத்தும் வேதாகம வினாடி வினாவில் சண்டையே வந்துவிட்டது.*
— வாசகி, உசிலம்பட்டி

இருவர், அம்மா. சாஸ்திரியார் (1774–1864) சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த தஞ்சைக் கவிராயர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர், குளத்தூரில் பிறந்தவர், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் பிள்ளைதான். அவரும் கீர்த்தனை எழுதியதால்தான் குழப்பம். அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ எந்தச் சமயத்தவரும் பாடக்கூடியது. இயேசுவின் பிறப்பையும் பாடுகளையும் நேரே சொல்கிற பாட்டு என்றால் சாஸ்திரியார் பக்கம் தேடுங்கள்.

*‘பிளவுண்ட மலையே’ பாட்டுக்கு வேறு மெட்டுப் போட வாலிபர்கள் விரும்புகிறார்கள். போட்டுப் பார்த்தால் இரண்டாவது அடியிலேயே இடிக்கிறது. எந்த மெட்டு பொருந்தும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? இதை எழுதியவர் பாறை இடுக்கில் ஒதுங்கியபோது சீட்டுக்கட்டு அட்டையில் எழுதினார் என்பது நிஜமா?*
— பாடகர் குழுத் தலைவர், திண்டுக்கல்

வழி உண்டு. ஒரு காகிதமும் பென்சிலும் போதும்.

பாட்டின் ஓர் அடியை எழுதிக்கொள்ளுங்கள். புள்ளி வைத்த மெய்யெழுத்துகளை எல்லாம் அடியுங்கள். மிச்சம் நிற்பவற்றை எண்ணுங்கள். ‘பிளவுண்ட மலையே’: பி, ள, வு, ட, ம, லை, யே. ஏழு. ‘புகலிடம் ஈயுமே’: பு, க, லி, ட, ஈ, யு, மே. இதுவும் ஏழு. ஆறு அடியையும் எண்ணிவிடுங்கள், எல்லாம் ஏழுதான். ஆங்கில மூலமும் அதே அளவில் இருப்பதால், மொழிபெயர்த்தவர் மெட்டைக் காதில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக நிறுத்தியிருக்கிறார் என்பது தெரியும். ‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ என்பதை இப்படி எண்ணினால் பத்து வரும். ஹென்றி லைட் எழுதிய மூலத்துக்கும் ஒவ்வோர் அடியிலும் பத்து அசைதான்.

ஆக, உங்களுக்கு வேண்டியது ஏழு ஏழாக ஆறு அடி ஓடுகிற மெட்டு. மெட்டுப் புத்தகங்களின் பின்பக்கத்தில் இந்த எண்களை வைத்தே பட்டியல் இருக்கும். அதில் ஏழை ஆறு முறை போட்டிருக்கும் பகுதியைப் பாருங்கள். வாலிபர்கள் எடுத்தது நாலடி மெட்டாக இருந்தால் இரண்டு அடி மிஞ்சும். மெட்டின் பின்பாதியை இன்னொரு முறை பாடி அதைச் சமாளிக்கலாம். எட்டு, ஆறு என்று மாறி மாறி வரும் மெட்டை எடுத்திருந்தால் சமாளிக்கவே முடியாது. இரண்டாவது அடியில் ஓர் எழுத்து மிஞ்சும், அதை எங்கே திணித்தாலும் இடிக்கும். நீங்கள் சொல்கிற இடறல் அநேகமாக இதுதான்.

எண்ணிக்கை பொருந்திவிட்டால் வேலை முடியவில்லை. மெட்டின் அழுத்தமான அடி எந்த எழுத்தில் விழுகிறது என்று பாருங்கள். நாம் வழக்கமாகப் பாடும், தாமஸ் ஹேஸ்டிங்ஸ் 1830இல் அமைத்த மெட்டில் முதல் சுரம் நீளும். ‘பக்கம் பட்ட காயமும்’ என்கிற மூன்றாம் அடியில் அந்த இடத்தில் ‘பக்’ வருகிறது. ஒற்று சேர்ந்த எழுத்து, நீட்டலைத் தாங்கும். முதல் அடியில் வருவது ‘பி’, தனிக்குறில். அதை இழுத்தால் ‘பீளவுண்ட’ என்று கேட்கும். குழு அந்த இடத்தில் குரலை ஏற்றாமல், ‘ள’வுக்குச் சற்றே முன்னதாகப் போய்விட்டால் சொல் கெடாது. புது மெட்டில் இப்படித் தனிக்குறில் நீள்கிற இடம் பாட்டு முழுவதிலும் இரண்டு மூன்றுக்கு மேல் வந்தால் அந்த மெட்டை விட்டுவிடுங்கள். கடைசியாக, மூச்சு வாங்கும் இடம். சொல்லின் நடுவே மூச்சு உடைந்தால் அந்த மெட்டும் ஆகாது.

எழுதியவர் அகஸ்டஸ் டாப்லடி, 1740இல் பிறந்த ஆங்கிலேயக் குருவானவர். முழுப் பாட்டும் 1776இல் அவரே ஆசிரியராக இருந்த பத்திரிகையில் வந்தது. இரண்டே ஆண்டில், நாற்பதைத் தொடாமலே இறந்துபோனார். பாறை இடுக்கு, சீட்டுக்கட்டு அட்டை எல்லாம் அவர் காலமாகி வெகுகாலம் கழித்துக் கிளம்பிய கதை. அவர் எழுதிவைத்ததில் அப்படி எதுவும் இல்லை. பிரசங்கத்தில் உண்மைச் சம்பவமாகச் சொல்ல வேண்டாம். கதையின் துணை இல்லாமலே நிற்கிற பாட்டு அது.

*நேரம் போதவில்லை என்று கீர்த்தனையில் ஒன்று, இரண்டு, கடைசிச் சரணம் மட்டும் பாடச் சொல்கிறார் ஆயர். சரியா?*
— வாசகர், திருமங்கலம்

நேரத்தை மிச்சப்படுத்தத்தான் வேண்டுமென்றால் சரணத்தை வெட்டாதீர்கள், திருப்பிப் பாடுவதைக் குறையுங்கள். பல சபைகளில் பல்லவியை ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் இரண்டு முறை பாடுகிறார்கள். சரணத்தின் ஒவ்வோர் அடியையும் தலைவர் ஒரு முறை, சபை ஒரு முறை என்று எடுக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டில் இந்த இரட்டிப்பு தேவையில்லை. அடியை ஒரே முறை, பல்லவியை ஒரே முறை என்று வைத்தால் ஏறக்குறைய பாதி நேரம் மிஞ்சும்.

பாடுகளைப் பற்றிய கீர்த்தனைகளில் சரணங்கள் சம்பவ வரிசையில் போகும். நடுவில் இரண்டை எடுத்தால் கெத்செமனேயிலிருந்து நேராகக் கல்லறைக்குத் தாவிவிடுவோம். கடைசிச் சரணத்தை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். ‘வேதநாயகன்’ என்று தம் பெயரைப் பாட்டுக்குள் வைக்கும்போது சாஸ்திரியார் பெரும்பாலும் அங்கேதான் வைப்பார்.

*மோகன ராகக் கீர்த்தனைக்குக் கீபோர்டு வாசித்தால் ஏதோ ஒட்டாமல் கேட்கிறது. சுரம் சரியாகத்தான் அடிக்கிறேன். தாளமும் ரிதம் போட்டுத்தான் வாசிக்கிறேன்.*
— கீபோர்டு வாசிப்பவர், மேலூர்

தம்பி, வலது கை சரியாகத்தான் இருக்கும். கோளாறு இடது கையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

மோகனத்தில் ச ரி க ப த மட்டும்தான். மத்தியமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. சி கட்டையில் வாசித்தால் சி, டி, இ, ஜி, ஏ. இதற்குப் பழக்கதோஷத்தில் சி மேஜர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்று மூன்று கார்டு போடுவோம். எஃப் மேஜரில் மத்தியமம் இருக்கிறது, ஜி மேஜரில் நிஷாதம் இருக்கிறது. பாடுபவர் ராகத்தைக் கட்டிக் காப்பார், கார்டு அதை அவிழ்த்துவிடும். மோகனத்துக்குள்ளேயே நிற்கிற கார்டு இரண்டுதான்: சி மேஜர் (ச க ப), ஏ மைனர் (த ச க). ஜி வேண்டிய இடத்தில் நடுச்சுரத்தை விட்டுவிட்டு ஜி, டி இரண்டை மட்டும் பிடியுங்கள். ஆனந்தபைரவி போன்ற ராகங்களுக்குக் கார்டே வேண்டாம். ச, ப இரண்டையும் தம்பூராபோல் பிடித்துக்கொண்டு வலது கையால் பாட்டைத் தொடருங்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைக் கட்டையில் வரவழைக்க முடியாது. அதைப் பாடுபவர்களுக்கு விட்டுவிடுவதுதான் மரியாதை.

ரிதத்தில் இரண்டு இடத்தில் தவறு வரும். ஒன்று, தாளமே வேறாக இருப்பது. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் (எண்ணிக்கை), நாலு நாலாகப் போகும் ரிதம் பொருந்தும். ரூபகத்துக்கு மூன்று எண்ணும் ரிதம் வேண்டும். மிஸ்ர சாபுக்கு ஏழு, மூன்றும் நாலுமாக. ஏழு எண்ணும் ரிதம் உங்கள் கீபோர்டில் இல்லையென்றால் அணைத்துவிட்டுக் கைத்தாளத்தில் பாடுங்கள். நாலுக்குள் ஏழை அடக்கப் பார்த்தால் சொற்கள்தான் நசுங்கும். இன்னொன்று எடுப்பு. பல கீர்த்தனைகள் தாளம் விழுந்து அரை அட்சரமோ ஒரு அட்சரமோ தள்ளித்தான் தொடங்கும். ரிதம் முதல் அடியை ஓங்கி அடிப்பதால் சபை முழுவதும் அதோடு சேர்ந்து தொடங்கிவிடும். அப்புறம் ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஓர் இடைவெளி விழும், எல்லோரும் அங்கே இழுத்து நிரப்புவார்கள். “எங்கள் சபையில் கீர்த்தனை இழுக்கிறது” என்று பலர் எழுதுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். முதல் சுற்றுத் தாளத்தைப் பாடாமல் கையால் போட்டுக்காட்டி, இரண்டாம் சுற்றில் எடுப்பிலிருந்து தொடங்குங்கள்.

சுருதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சரணம் மேல் காந்தாரம் (க) தொடுமானால் சி கட்டையில் அது மேல் இ. ஆண்கள் அங்கே கத்துவார்கள் அல்லது வாயை மூடிக்கொள்வார்கள். பி பிளாட்டுக்கு இறக்கினால் மேல் டியோடு நிற்கும், சபை முழுவதும் பாடும்.

*கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை எடுத்தேன், முதல் பத்துப் பாட்டைத் தாண்ட முடியவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?*
— தமிழாசிரியை, வாடிப்பட்டி

தேவாரத்திலிருந்து தொடங்குங்கள். காப்பியத்தின் நடுநடுவே ‘தேவாரம்’ என்ற பெயரில் பக்திப் பாட்டுகள் வரும். ‘சத்தாய் நிஷ்களமாய்’ அங்கிருந்துதான் கீர்த்தனைப் புத்தகத்துக்கு வந்தது. அந்தத் தேவாரங்களை வாய்விட்டுப் பாடிப் பழகிய பிறகு காப்பியத்துக்குத் திரும்பினால் நடை கைவந்துவிடும்.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தார். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, 1894இல் இந்தக் காப்பியத்தை வெளியிட்டார். கதை பனியனுடையது, நடை கம்பனிடம் கற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்று ஐந்து பருவம். கம்பனை நன்றாகப் படித்த உங்களைப் போன்றவர்கள் பாடலின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம். கதை தெரியாமல் திணறுகிறவர்கள் பனியனின் உரைநடைத் தமிழ் மொழிபெயர்ப்பை முதலில் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போது தாளம் போடாதீர்கள். விருத்தமாக, ஒரு ராகத்தில், சீர் பிரித்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பொருள் பாதி அப்போதே விளங்கிவிடும்.

*தேம்பாவணிப் பாட்டுகளைத் திருப்பலியில் பாடலாமா?*
— வாசகர், நிலக்கோட்டை

3,615 பாடல்கள் கொண்ட காப்பியம் அது. சூசையப்பரின் வரலாறு. வழிபாட்டுக்காக எழுதியதல்ல. அதை எழுதிய வீரமாமுனிவரிடம் (1680–1747) செபத்துக்குரிய பாட்டு வேண்டுமென்றால், ஏலாக்குறிச்சி மாதாமேல் அவர் பாடிய ‘திருக்காவலூர்க் கலம்பக’த்தைப் பாருங்கள். எதை எங்கே பாடுவது என்பதைப் பங்குத்தந்தையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

*எங்கள் சபையில் பறை அடித்துப் பாட ஆசை. பெரியவர்கள் தயங்குகிறார்கள். இதற்கு முன்மாதிரி உண்டா?*
— வாலிபர் சங்கம், சமயநல்லூர்

மதுரையிலேயே உண்டு. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு ஐயர் (1940–2005), ‘பரட்டை’ என்ற பெயரில் அறியப்பட்டவர், நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களையே எழுதினார். கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனையைக்கூட அந்நியமாக உணர்கிற மக்கள் சபையில் இருக்கிறார்கள், அவர்கள் வயலில் பாடுகிற மெட்டிலும் கடவுளைப் பாட வேண்டும் என்பது அவர் கருத்து. அதில் எங்களுக்கு முழு உடன்பாடு. ஐரோப்பிய மெட்டு ஒட்டாத சபைக்கு வெப் கீர்த்தனையைத் தேடிப்போனதும் இதே காரணத்துக்காகத்தான்.

தயங்குகிறவர்களிடம் வாதாடுவதைவிட முதல் முறை நன்றாக வாசித்துக்காட்டுங்கள். இரண்டு பறை போதும். கான்கிரீட் கூரை போட்ட ஆலயத்தில் நான்கைந்து சேர்ந்தால் எதிரொலியில் ஒரு சொல்லும் காதில் விழாது. வாசற்பக்கம் நின்று வாசியுங்கள். ஆராதனைக்கு முன் வெளியில் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும், ஆராதனை நடுவில் ஒருமுறை கூடக் காய்ச்ச வேண்டிவரும். அதற்கு ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். சரணம் பாடும்போது மெல்லிய குச்சியால் மட்டும் தட்டிவிட்டு, பல்லவிக்கு அடிக்குச்சியைச் சேர்த்தால் வார்த்தை எல்லோருக்கும் கேட்கும்.